கூதிருக்கு ஏற்ற டாப்ஸ், கார்டிகன்: சென்னைக் கடைகளில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்ததுதான் கூதிர். அந்த மாதங்களில் சென்னை மால்களில் 'ஆட்டம் வின்டர்' (இலையுதிர்காலம், குளிர்காலம்) என்று பலகை வைத்து, கனத்த ஸ்வெட்டர்களை முன்வரிசையில் மாட்டிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. இங்கே அக்டோபர் பகல் 32 டிகிரியைத் தொடும். ஜனவரி இரவில்கூட சராசரிக் குறைந்தபட்சம் 21 டிகிரிக்குப் பக்கம்தான். நம் உடம்பைப் படுத்துவது குளிரைவிட மாறிமாறி வரும் புழுக்கமும் ஏசியும். மழை ஈரத்தில் புழுங்கும் பஸ் ஸ்டாப், அடுத்த நிமிஷம் மெட்ரோ ரயில், பிறகு எட்டு மணி நேரம் அலுவலக ஏசி, மார்கழி வந்தால் சாயங்காலம் சபா. காலையில் போட்ட டாப்ஸ் இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் பின்னலாடைகளை இந்த ஒரே அளவுகோலால்தான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் நூல். காற்றிலுள்ள ஈரத்தை ஒரு நூல் எவ்வளவு உள்ளே வாங்கும் என்பதற்கு ஜவுளித் துறையில் ஒரு கணக்கு உண்டு. பருத்திக்கு அது ஏறத்தாழ 8 சதவீதம், மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸுக்கு 11 முதல் 13, கம்பளிக்கு 16 வரை. செயற்கை நூலான அக்ரிலிக்குக்கு 2 சதவீதம்கூடத் தேறாது, பாலியஸ்டருக்கு அரை சதவீதத்துக்கும் கீழே. அக்ரிலிக் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் வியர்வை துணிக்குள் போகாமல் தோலிலேயே நிற்கும். அதே ஈரத்தோடு ஏசிக்குள் நுழைந்ததும் முதுகு சில்லிடும். போர்த்துக்கொள்ள வாங்கிய ஸ்வெட்டரே குளிரை ஏற்றிவிடும். ஆகவே 100 சதவீதம் அக்ரிலிக் என்று எழுதியிருந்தால், எத்தனை தள்ளுபடி என்றாலும் சென்னைக்கு வேண்டாம். பருத்தியோடு 30, 40 சதவீதம் அக்ரிலிக் கலந்த கார்டிகனை (முன்பக்கம் திறந்து பட்டன் போடும் ஸ்வெட்டர்) எடுக்கலாம். எடை குறையும், சீக்கிரம் காயும்.

அடுத்தது துணியின் கனம். இதை ஜிஎஸ்எம் என்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். சாதாரண டி-ஷர்ட் துணியான சிங்கிள் ஜெர்சி 140 முதல் 180 வரை வரும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கும் இன்டர்லாக் 200, 220 வரை போகும். ஸ்வெட்ஷர்ட் தைக்கும் டெர்ரி 240க்கு மேல், உட்புறம் பஞ்சுபோல் சுரண்டிய ஃப்ளீஸ் 280க்கு மேல். கூதிருக்கு முக்கால் கை அல்லது முழுக்கை டாப்ஸ் 170 முதல் 200க்குள் இருந்தால் போதும். அதற்குக் கீழே போனால் ஏசிக் காற்று நேராக இறங்கும், வெளிர் நிறமாக இருந்து மழையில் நனைந்தால் உள்ளாடையும் தெரியும். 240க்கு மேலே போனால் நவம்பர் மழையில் மூன்று நாளானாலும் காயாது. இணையக் கடைகளில் ஜிஎஸ்எம் எழுதியிருக்கும். தெருக்கடையில் ஒற்றைத் துணிக்கு அடியில் விரலை விரித்துப் பாருங்கள். விரல் இடுக்குகள் தெளிவாகத் தெரிந்தால் மெல்லியது, விரலின் நிழல் மட்டும் தெரிந்தால் நடுத்தரம்.

இனி ரகங்கள். அலமாரியில் முதல் இடம் கோம்ப்டு பருத்தியில் பின்னிய, படகுக் கழுத்தோ வட்டக் கழுத்தோ வைத்த முழுக்கை டாப்ஸுக்கு. கோம்ப்டு என்றால் குட்டையான இழைகளைச் சீவி நீக்கிவிட்டு நூற்ற நூல். பஞ்சு உருண்டை கட்டுவதற்கு மூல காரணமே அந்தக் குட்டை இழைகள்தான். பயோ வாஷ் என்று சீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. நொதி கலந்த நீரில் அலசி மேற்பரப்பின் மயிர்த்தூவலை நீக்கியிருப்பார்கள். ஜீன்ஸுக்கு, பலாசோவுக்கு, நீளப் பாவாடைக்கு எல்லாவற்றுக்கும் பொருந்துவது இதுதான். உயரம் 24 முதல் 26 அங்குலம் இருக்கட்டும். துவைத்தால் 5 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், 26 அங்குல டாப்ஸ் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குட்டையாகும். கடையில் இடுப்பை மட்டும் தொடும் டாப்ஸ் இரண்டாவது துவையலில் கையைத் தூக்கினால் வயிறு தெரியும் டாப்ஸாகிவிடும்.

இரண்டாவது, ரிப் டாப்ஸ். கோடு கோடாக, உடம்போடு ஒட்டி நிற்பது. தனியாகவும் போடலாம், கார்டிகனுக்கு உள்ளேயும் போடலாம், இதைவிடப் பயன்படும் துணி கிடையாது. ஆனால் ஏமாறும் இடமும் இதுவே. பருத்தியோடு 4, 5 சதவீதம் லைக்ரா, அதாவது இழுத்தால் நீண்டு சுருங்கும் நூல், இருக்க வேண்டும். கீழ் ஓரத்தை ஒன்றரை மடங்கு இழுத்து விட்டால் சட்டென்று பழைய அகலத்துக்கு வர வேண்டும். மெதுவாக வந்தாலோ, ஓரம் அலையலையாக நின்றாலோ வைத்துவிடுங்கள். இழுக்கும்போது கோடுகளுக்கு நடுவே மின்னும் மெல்லிய வெள்ளை இழைகள் துருத்தினால் லைக்ரா ஏற்கெனவே அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

விஸ்கோஸ், மோடல் டாப்ஸ் பார்க்க மிக அழகு. வழிந்து விழும், உடம்பில் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் விஸ்கோஸ் ஈரத்தில் பலம் இழக்கும் நூல். நனைந்தபடி ஹேங்கரில் மாட்டினால் தன் எடையாலேயே நீண்டு, தோள்பட்டையில் இரண்டு கொம்பு முளைத்தது போல் நிற்கும். அதே வகையில் இன்னொரு நூலான மோடல் சற்றுத் தாக்குப்பிடிக்கும். வீட்டில் பரப்பிக் காயவைக்க இடம் உள்ளவர்கள் ஒன்று வாங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கார்டிகன்தான் இந்தப் பருவத்தின் முக்கியமான செலவு, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னலின் நெருக்கத்தை கேஜ் என்பார்கள், ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற கணக்கு. 12 கேஜ் மெல்லியது, நமக்குச் சரியானது. 7 கேஜ் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும். 5, 3 எல்லாம் படத்தில் பார்க்க மட்டும் நன்றாக இருக்கும். திருப்பூரில் பெரும்பாலும் வட்டப் பின்னல் எந்திரத்தில் துணியாக இறக்கி வெட்டித் தைக்கிறார்கள். லூதியானாவில் தட்டை எந்திரத்தில் கையும் உடலும் அதனதன் வடிவிலேயே பின்னிச் சேர்ப்பதும் உண்டு. எது எப்படி வந்தது என்பதைக் கைச்சுற்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். தடித்த ஓவர்லாக் தையல் ஓடினால் வெட்டித் தைத்தது. தையல் மெல்லிய சங்கிலியாக இருந்து, அதை ஒட்டிச் சாய்வான சிறு கண்ணிகள் வரிசையாகத் தெரிந்தால் வடிவிலேயே பின்னியது. இரண்டாவது வகை ரவிக்கைக்கு மேலே போடும்போது அக்குளில் குத்தாது. கொஞ்சம் விலை கூடினாலும் கொடுக்கலாம்.

பட்டன் பட்டியைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் நெய்த நாடா வைத்துத் தைத்திருந்தால் காஜா வாய் பிளக்காது. நாடா இல்லாத பட்டி ஆறே மாதத்தில் பாம்பு போல் நெளியும், பட்டன் தானாகக் கழன்றுகொள்ளும். தோள் தையலிலும் இப்படி ஒரு நாடா இருக்க வேண்டும். இல்லையென்றால் தோள் இறங்கிக்கொண்டே போகும்.

இந்த ஊரில் கார்டிகன் ஜீன்ஸுக்கு மட்டுமா? குர்திக்கு மேலும் புடவைக்கு மேலும் போட்டாக வேண்டும். குர்தியின் பக்கவாட்டு ஓபன் ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலேயே கார்டிகன் முடியட்டும், இல்லையென்றால் நடக்கும்போது இரண்டும் சுருண்டு சிக்கும். புடவைக்கு இடுப்பெலும்போடு நிற்கும் நீளமே போதும், கொசுவத்தின் மேல் உப்பிக்கொண்டு நிற்காது. கையின் அகலத்தைப் புஜச் சுற்றளவைவிட 2 அங்குலம் கூடுதலாகப் பார்த்து எடுங்கள். ரவிக்கைக் கை உள்ளே மடிந்து முடிச்சாக நிற்பதற்கு இறுக்கமான கைதான் காரணம். பட்டுப்புடவைக்கு மேலே பட்டன் முழுக்கப் போட வேண்டாம், மேல் இரண்டை மட்டும் மாட்டினால் முந்தானை நசுங்காது.

மெரினோ கம்பளி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இழையின் தடிமன் 19.5 மைக்ரானுக்கு உட்பட்ட மெல்லிய மெரினோ குத்தாது, ஈரம் வாங்கும், எளிதில் நாறாது. உண்மையிலேயே நல்ல துணி. ஆனால் பூச்சி அரிக்கும், விலையும் அதிகம். அடிக்கடி பெங்களூரு, டெல்லி என்று போகிறவர்களுக்கு மட்டும் கணக்குச் சரியாக வரும்.

நிறத்தில் கருநீலம், செங்கல், கடுகு, ஆலிவ் நான்கில் இரண்டு இருந்தால் பெரும்பாலான குர்தி, பேன்ட் எல்லாவற்றுக்கும் ஓடும். சாம்பல் மெலாஞ்ச் (வெளிர், அடர் இழைகள் கலந்த சாம்பல்) பக்கம் போகாதீர்கள், அக்குள் வியர்வையை ஊருக்கே காட்டும் நிறம் அது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்களுக்கு வெளிர் நிறக் கழுத்துப் பட்டி பின்பக்கம் சீக்கிரம் மஞ்சளாகும். துவைக்கும் முன் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் போகும்.

எங்கே வாங்குவது? ரிப் டாப்ஸுக்கு ரங்கநாதன் தெருவும் பாண்டி பஜாரும் போதும். அங்கே பல கடைகளில் போட்டுப் பார்க்க இடம் இருக்காது என்பதால், வீட்டில் உள்ள நன்றாகப் பொருந்தும் டாப்ஸின் மார்பு அகலத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். கையில் ஓர் இஞ்சு டேப் இருந்தால் எஸ், எம், எல் குழப்பமே வராது. மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கார்டிகனை மட்டும் ட்ரையல் ரூம் உள்ள கடையில் எடுப்பது நல்லது. கையை முன்னால் நீட்டி, ஸ்கூட்டர் ஓட்டுவது போல் வைத்துப் பார்த்தால் முதுகு இழுக்கிறதா என்று தெரியும்.

ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதை விற்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் நல்ல சரக்கு நியாயமான விலைக்குக் கிடைக்கும், பொறுமையாகத் தேடினால். கழுத்து லேபிளை வெட்டியிருப்பார்கள். ஆனால் இடப்பக்கத் தையலுக்குள் துவைக்கும் குறிப்புச் சீட்டு பெரும்பாலும் தப்பியிருக்கும், நூல் கலவை அதில் இருக்கும். அளவு எண் பிரிட்டனுடையதா அமெரிக்காவுடையதா என்று பாருங்கள். பிரிட்டன் 12 என்பதும் அமெரிக்கா 8 என்பதும் ஏறக்குறைய ஒன்று. பிறகு துணியை வாசல் வெளிச்சத்தில் பிடியுங்கள். மேலிருந்து கீழாக ஏணிபோல் ஓடும் கோடு ஊசி பழுதால் வந்தது, அதில் பின்னாளில் ஓட்டை விழும். கைக்கும் உடலுக்கும் ஷேட் மாறியிருக்கிறதா என்பதைக் கடையின் மஞ்சள் விளக்கில் கண்டுபிடிக்க முடியாது.

எங்கே வாங்கினாலும் ஒரு சோதனையை விடாதீர்கள். டாப்ஸை இரண்டு தோளிலும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். வயிற்றுப் பக்கம் திரும்பினால் நூலின் முறுக்கு துணியில் அடங்கவில்லை. துவைக்கத் துவைக்க அது இன்னும் திரும்பும், இஸ்திரியால் சரியாகாது. சிங்கிள் ஜெர்சியில்தான் இந்தக் கோளாறு அதிகம், இன்டர்லாக்கிலும் ரிப்பிலும் குறைவு.

வாங்கிய பிறகு கெடுப்பவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். துப்பட்டாவுக்கு ஊக்கு குத்தினால் பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்து ஓடத் தொடங்கும். துப்பட்டாவை மடித்துத் தோளில் போடுங்கள், குத்தியே ஆக வேண்டுமென்றால் தோள் தையலின் மீது குத்துங்கள். கைப்பை உரசும் இடுப்பு, லேப்டாப் பை வார் உரசும் தோள், மேசை விளிம்பு உரசும் முழங்கை, இந்த மூன்று இடத்தில்தான் பஞ்சு உருண்டை முதலில் வரும். பருத்தியில் உருண்டை தானே உதிர்ந்துவிடும். பாலியஸ்டரோ அக்ரிலிக்கோ கலந்திருந்தால் பலமான இழை அதைப் பிடித்துக்கொண்டு விடாது. ஷேவிங் பிளேடால் சுரண்டாமல், அதற்கென்றே விற்கும் சின்ன எந்திரத்தால் எடுங்கள்.

மழைக்காலத் துவையலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி, வலைப்பையில் போட்டு, சாதாரண நீரில் அலசுங்கள். பிழிய வேண்டாம். கார்டிகனை உலர்ந்த துண்டின் மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி அழுத்தினால் பாதி நீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு மின்விசிறிக்குக் கீழே கட்டில் மேல் பரப்புங்கள். எடுத்து வைக்கும் முன் கழுத்துப் பட்டியையும் மணிக்கட்டுப் பட்டியையும் தொட்டுப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அவைதான். அந்த ஈரத்தோடு பீரோவில் வைத்தால் பருத்தியில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளி விழும், பிறகு எதற்கும் போகாது. மடித்துத்தான் வைக்க வேண்டும், மாட்டக் கூடாது. நாஃப்தலின் உருண்டை துணியில் நேரடியாகப் படக் கூடாது, மெல்லிய துணியில் முடிந்து மூலையில் வையுங்கள்.

எங்காவது சிக்கி ஒரு நூல் வளையமாக வெளியே வந்தால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். மெல்லிய குரோஷே ஊசியை உள்பக்கத்திலிருந்து நுழைத்து அந்த வளையத்தைப் பிடித்து உள்ளே இழுத்து, துணியைக் குறுக்காக இரண்டு முறை மெதுவாக நீட்டினால் கண்ணிகள் தம் இடத்துக்குத் திரும்பிவிடும்.