கிடாரின் பளபளப்பை இறக்க எந்தப் பேட் வாங்கலாம்? சாம்பல் நிற 7448

வண்டிகளுக்கு பெயின்ட் அடிப்பவர்கள் வாங்கிப்போகும் ஒரு சாம்பல் நிற நார் பேட் இருக்கிறது: 3எம் ஸ்காட்ச்-பிரைட் 7448. கண்ணாடி மாதிரி மின்னும் எலெக்ட்ரிக் கிடாரை வீட்டிலேயே சாட்டின் (மின்னாத, மங்கலான பூச்சு) ஆக்க, சுலபமாகக் கிடைப்பவற்றில் இதுதான் சரியான பொருள். பேட் 6க்கு 9 அங்குலம். ஒரு கிடாருக்கு ஒன்றே போதும், துண்டு மிச்சமும் ஆகும். ஒரு செட் கம்பி வாங்கும் காசுகூட ஆகாது.

வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 7446 என்று இன்னொரு பேட் உண்டு. அதுவும் சாம்பல்தான், கொஞ்சம் கருமை. ஆனால் அது உலோகத்தைத் தேய்க்கும் முரட்டுச் சாதி. கிடாரில் பட்டால் நகத்தால் பிறாண்டிய மாதிரி கோடு விழும். மெரூன் நிற 7447 இரண்டுக்கும் நடுவில் வரும். வாட்டர் பேப்பர் கணக்கில் (எண் கூடக்கூட நைசு) சொன்னால் 7447 ஏறக்குறைய 320 முதல் 400, 7448 ஏறக்குறைய 600 முதல் 800. வெள்ளை 7445 துடைக்கத்தான் லாயக்கு. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். அதன் துகள்கள் ஒரே அளவில் இருக்காது. பத்து மெல்லிய கோடுகளுக்கு நடுவே ஒரு ஆழமான கோடு போட்டுவிடும், கண்ணுக்கு அந்த ஒன்றுதான் தெரியும்.

இந்த முறையால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். தொழிற்சாலையில் சாட்டின் என்றால் லாக்கரிலேயே நுண்ணிய சிலிக்கா பொடி கலந்து அடிப்பார்கள். வீட்டில் நாம் செய்வது பூச்சின் மேல்தோலில் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல் போடுவது, அவ்வளவுதான். வெளிச்சம் சிதறுகிறது, மங்கலாகத் தெரிகிறது. அதே காரணத்தால் கையும் சட்டையும் உராயும் இடங்களில் கீறல்களின் முனை மழுங்கி, சில மாதங்களில் பளபளப்பு திரும்ப எட்டிப்பார்க்கும். முன்கை படும் மேல்விளிம்பும் கட்டைவிரல் ஓடும் நெக்கின் (கை பிடிக்கும் நீளக் கழுத்து) முதுகும்தான் முதலில் மின்னும். இதைப் பேட்டின் குறையாகச் சொல்வது நியாயமில்லை. எதைக் கொண்டு தேய்த்தாலும் இதுதான் நடக்கும்.

எந்தக் கிடாருக்குச் செய்யலாம்? யமஹா பசிஃபிகா, ஸ்குவையர் ரகங்களில் இருக்கும் பாலியூரித்தேன், பாலியஸ்டர் பூச்சு தடிமனானது, கடினமானது, தாங்கும். அமெரிக்கத் தயாரிப்பு கிப்சன்களில் இருப்பது நைட்ரோ லாக்கர். அது மெல்லியது, ஓரங்களில் சட்டென்று மரம் தெரிந்துவிடும். எந்தப் பூச்சு என்று சந்தேகம் இருந்தால், நெக் உட்காரும் பள்ளத்தின் உள்ளே, வெளியில் தெரியாத இடத்தில், பஞ்சுக் குச்சியால் ஒரு துளி அசிடோன் வைத்துப் பாருங்கள். ஒட்டும் பதத்துக்கு இளகினால் நைட்ரோ, கல் மாதிரி இருந்தால் பாலி. மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) இல்லாத மெட்டாலிக் நிறத்தைத் தொடவே கூடாது. தேய்க்கும்போது உலோகத் துகளே வெட்டுப்பட்டு அந்த இடம் திட்டுத்திட்டாக வெளுக்கும். பழைய, விலைமதிப்புள்ள கிடாருக்கு இந்த ஆசையே வரக்கூடாது.

தயாரிப்பு வேலைதான் பாதி. கம்பிகளைக் கழற்றுங்கள், நெக்கைக் கழற்றுங்கள், பிக்கார்டையும் (பாடியின் முகப்பில் திருகிய தகடு) குமிழ்களையும் எடுத்துவிடுங்கள். பிரிட்ஜை (பாடியில் கம்பிகள் உட்காரும் பகுதி) எடுக்க மனமில்லை என்றால் மாஸ்கிங் டேப் ஒட்டலாம், ஆனால் அதைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையம் நின்றுவிடும். அடுத்தது சுத்தம் செய்வது. கிடார் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கான் இருக்கும். அது படிந்த இடத்தில் பேட் வழுக்கிக்கொண்டு போகும், பக்கத்து இடத்தில் கடிக்கும், முடிவில் மேப் மாதிரி திட்டு. ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்தபின் நாஃப்தாவால் (பிசுக்கு எடுக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) இன்னொரு முறை துடைத்தால் போதும். ஹார்ட்வேர் கடையில் நாஃப்தா இல்லை, தின்னர் இருக்கிறது என்று கொடுத்தால் வாங்காதீர்கள். என்சி தின்னர் நைட்ரோ பூச்சைக் கரைத்தே எடுத்துவிடும். நாஃப்தாவும் குபீரென்று பற்றும் சரக்குதான், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத அறையில் வேலை செய்யுங்கள்.

முதல் தேய்ப்பை பிக்கார்டு மூடும் இடத்தில் போட்டுப் பாருங்கள். வெளியே இருக்கும் அதே பூச்சுதான் அங்கேயும், கெட்டாலும் மறைந்துவிடும்.

பேட்டை 3 அங்குலச் சதுரங்களாக வெட்டினால் ஆறு துண்டு. விரலால் அழுத்தித் தேய்த்தால் நாலு விரலின் தடம் நாலு வரியாகத் தெரியும். அதனால் ஒரு தட்டையான ஸ்பாஞ்சின் மேல் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையில், ஒரு முனையில் தொடங்கி மறுமுனை தாண்டிப் போகும்வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு முந்தையதன் பாதியை மூட வேண்டும். வட்டம் போடவே கூடாது, சாயங்கால வெயிலில் ஒவ்வொரு வட்டமும் தனித்தனியாகத் தெரியும். எட்டு, பத்து முறை போனதும் தூசியைத் துடைத்துவிட்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழே கிடாரைச் சாய்த்துப் பாருங்கள். முதலில் கம்பி மாதிரி கூராக விழுந்த ட்யூப்லைட்டின் பிம்பம் இப்போது விளிம்பில்லாத பட்டையாக, பனியில் தெரியும் தெருவிளக்கு மாதிரி கலங்கியிருக்க வேண்டும். நடுவே ஊசிமுனை அளவில் மினுக்கும் புள்ளிகள் தெரிந்தால் அவை பூச்சின் பள்ளங்கள். விலை குறைந்த கிடார்களில் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் சகஜம்.

7448 வாட்டர் பேப்பரை ஜெயிப்பது இங்கேதான். 1000 எண் பேப்பரைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்தால் மேடு மட்டும் மங்கும், பள்ளம் மினுக்கிக்கொண்டே இருக்கும். பள்ளம் போக வேண்டுமென்றால் மேட்டை முழுக்க அறுத்தெடுக்க வேண்டும், அதற்குள் பூச்சு மெலிந்துவிடும். நார் பேட் வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும், பூச்சைக் கொஞ்சமாகத்தான் தின்னும்.

ஓரங்களில் மட்டும் அடக்கம் வேண்டும். விளிம்பில் பூச்சு இயல்பிலேயே மெல்லியதாக நிற்கும். கையின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் போய் இறங்கும். சன்பர்ஸ்ட் கிடாரில் (நடுவில் வெளிர், ஓரத்தில் கருமை) நிறமே பூச்சின் அடுக்குகளுக்குள்தான் இருக்கிறது, ஓரத்தில் அது போனால் திரும்ப வராது. தட்டையான பகுதிக்குப் பத்து இழுப்பு என்றால் விளிம்புக்கு இரண்டோ மூன்றோ, அதுவும் கையின் எடையை மட்டும் வைத்து. பாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளின் உள்வளைவுக்குப் பேட்டை மடித்து விடுங்கள்.

உலர்வாகத் தேய்க்கலாமா, ஈரமாகவா? உலர்வாகத் தேய்த்தால் வெள்ளைத் தூள் பறக்கும், முகமூடி கட்டாயம், மங்கலும் கொஞ்சம் அழுத்தமாக வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கீறல் மென்மையாகும், பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு மிஞ்சும். ஆனால் திருகு ஓட்டைகளில் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதி, ஓட்டையைச் சுற்றிப் பூச்சு வெடிக்கும். ஈரமாகச் செய்வதானால் எல்லா ஓட்டைகளையும் டேப்பால் மூடிவிட்டுத்தான். பாடியில் உலர்வாக முடித்துவிடுவது நல்லது. ஈரம் தரும் மினுமினுப்புக்காக அந்த ஆபத்தை வாங்குவது லாபமில்லை.

இந்தப் பேட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்க வைப்பது நெக்கின் முதுகு. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் பளபளப்பான நெக்கில் கை ஒட்டும், இடம் மாற்றி வாசிக்கும்போது கட்டைவிரல் தடுக்கும். ஃப்ரெட்போர்டின் (விரல் பதிக்கும் முன்பக்கப் பலகை) இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மெரூன் 7447ஆல் நீளவாக்கில் மூன்று இழுப்பு, பிறகு 7448ஆல் எட்டு. பத்து நிமிட வேலை. தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் வரும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மங்கலுக்கும் பளபளப்புக்கும் நடுவே வெட்டின மாதிரி கோடு தெரியாது. பூச்சைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிடக் கூடாது; பூச்சில்லாத மேப்பிள் மரம் வியர்வை குடித்துக் கறுத்துவிடும். தலைப்பகுதியின் முகப்பைத் தொடாமல் விடுங்கள். பிராண்ட் பெயர் பூச்சுக்கு மேலே ஒட்டியிருந்தால் நாலே இழுப்பில் எழுத்து காணாமல் போகும்.

மாற்றுப் பொருட்களில் 0000 ஸ்டீல் வுல்லுக்கு (மிக நைசான இரும்பு நார்) ரசிகர்கள் அதிகம். கீறல் 7448ஐவிட நைசாக விழும் என்பதும் உண்மைதான். ஆனால் உதிரும் இரும்புத் தூள் பிக்கப் (கம்பியின் அதிர்வை வாங்கும் பாகம்) காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஓட்டைகளில் தங்கிய தூள் துரு பிடிக்கும். கழற்றி வைத்த நெக்குக்கு, வேறு அறையில் வைத்து, சரி. பாடிக்கு வேண்டாம். ஃபின்லாந்தின் மிர்கா நிறுவனத்து அப்ரலான் 1000 வட்டு ஸ்பாஞ்சின் மேல் சிலிக்கான் கார்பைடு ஒட்டியது. மங்கல் இதில் விழுவதுபோல் சீராக வேறெதிலும் விழாது. காசும் தேடும் பொறுமையும் இருந்தால் அதுவே முதல் தேர்வு. மைக்ரோ-மெஷ் வாங்குபவர்கள் எண்ணில் ஏமாற வேண்டாம், அதன் 1500 சாதாரணப் பேப்பரில் ஏறக்குறைய 400தான்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புக் கிடாரில் சாட்டின் எடுப்பாக இருக்கும், ஆனால் விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பொட்டாகத் தெரியும். வெள்ளையில் கைரேகை தெரியாது, பதிலுக்குக் கீறல்களில் அழுக்கு உட்கார்ந்து மணிக்கட்டு படும் இடம் பழுப்பேறும். இரண்டுக்கும் ஈரத் துணியும் ஒரு சொட்டு சோப்பும் போதும். வேக்ஸ், பாலிஷ் எதையும் தடவாதீர்கள், அவை கீறல்களை நிரப்பிப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

பிடிக்காமல் போனால் 2000 வாட்டர் பேப்பர், பிறகு ரப்பிங் காம்பவுண்ட் என்று போய் பழைய பளபளப்புக்குத் திரும்பலாம். ஒவ்வொரு முறையும் பூச்சு கொஞ்சம் கரையும், அதனால் பாலியில் ஓரிரு முறை தாங்கும், நைட்ரோவில் அந்தத் துணிச்சல் வேண்டாம். மிச்சமான துண்டுகளில் ஒன்றைக் கிடார் பைக்குள் போட்டு வையுங்கள், கம்பி மாற்றும் நாளில் கட்டைவிரல் மினுக்கிய இடத்துக்கு ஐந்து இழுப்பு போட உதவும்.