சுகர் பார்க்கலாம், பி.பி. பார்க்கலாம், இதை மட்டும் பார்க்க முடியாது

ஊருக்குப் போகிறவர்கள் குலதெய்வம், கல்யாணம், பட்டா மாறுதல் என்று அலைவார்கள். நானும் அலைந்தேன். இடையில் கிடைத்த நேரத்தில் மெடிக்கல் கடை வாசல்களில் நின்றேன். தொழில் புத்தி, வேறென்ன. கிழக்கு லண்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். நாங்கள் அங்கே செய்கிற ஒரு காரியம் தஞ்சை மாவட்டத்து எங்கள் தாலுகா ஊரில் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசை. பால்வினை நோய்ப் பரிசோதனைதான் அது. முகம் சுளிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் அங்கத்திய நடைமுறை. இங்கிலாந்தில் சின்ன மருந்துக்கடையிலும் கவுன்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆலோசனை அறை இருக்கும். இரண்டு நாற்காலி, கை கழுவ ஒரு தொட்டி, முக்கியமாக ஒரு கதவு. இருபது வயதுப் பெண் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு வந்தால் அந்த அறைக்குள் உட்கார வைத்துப் பேசுவோம். அப்படியே, “கிளமிடியா கிட் ஒன்று எடுத்துப் போகிறீர்களா?” என்று கேட்போம். கிளமிடியா ஒரு பால்வினைத் தொற்று, கிட் என்பது அதற்கான சோதனைப் பொட்டலம். காசு கிடையாது. பெண்களுக்கு ஒரு பஞ்சுக்குச்சி, ஆண்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு ஒரு சிறுநீர்க் குப்பி. ஆண்கள் குறைந்தது ஒரு மணி நேரம் அடக்கி வைத்திருந்து, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும். மற்ற யூரின் டெஸ்டுக்கு நடுவில் வருவதைப் பிடித்துப் பழகியவர்கள் இதிலும் அப்படியே செய்துவிடுவார்கள் என்பதால் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தோம். தபால் தலை ஒட்டத் தேவையில்லாத உறையில் போட்டு அனுப்பினால், முடிவு சில நாளில் போனுக்கு வந்துவிடும்.

கிளமிடியா பெரும்பாலானவர்களுக்கு ஓர் அறிகுறியும் காட்டாது. பெண்களுக்குக் கருக்குழாயைக் கெடுத்துவிட்டு, பிள்ளை நிற்காதபோதுதான் தெரியவரும். உடம்பு சரியில்லை என்று வரும்வரை காத்திராமல், வேறு வேலையாக வந்தவர் கையில் கிட்டைக் கொடுப்பது அதனால்தான்.

அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று சொல்ல வரவில்லை. இந்தச் செலவு உள்ளூராட்சி மன்றத்தின் தலையில் இருக்கிறது. ஒரு மன்றத்தின் எல்லைக்குள் கிடைப்பது பக்கத்து மன்றத்தில் கிடைக்காது. 2021 ஜூனிலிருந்து தேசியத் திட்டமும் மாறிவிட்டது. மருந்துக்கடை போன்ற இடங்களில் நாங்களாகவே கேட்டுக் கொடுப்பது இப்போது 25 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு மட்டும். பையன்கள் கேட்டால் கிளினிக்கையோ இணையத்தையோ காட்டுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை என்றாலும் என்னை யார் கேட்டார்கள்?

இனி ஊர். பேருந்து நிலையத்துக்கு எதிரே எங்கள் பள்ளியில் எனக்குப் பின்னால் படித்த தம்பி ஒருவரின் மெடிக்கல். தெருவைப் பார்த்த கண்ணாடிக் கவுன்டர், பின்னால் சுவர் வரை அலமாரி. வாங்குகிறவர் படியில் நிற்க வேண்டும், பேச்சு டீக்கடை வரை கேட்கும். நாப்கினை இன்னும் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில்தான் போடுகிறார்கள். கண்ணாடியில் ‘இங்கு சுகர், பி.பி. பார்க்கப்படும்’ என்று ஸ்டிக்கர். ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, விரல் நுனியில் குத்தி, தெருவறிய “இருநூத்தி நாப்பதுண்ணே!” என்று சொல்கிறார்கள். கேட்டவரும் கூச்சப்படவில்லை, பக்கத்தில் நின்றவரிடம் தன் எண்ணை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். கூட்டம் கலைகிறவரை தள்ளி நின்று போனை நோண்டினான். பிறகு வாயே திறக்காமல் போனைக் கவுன்டர்மேல் வைத்தான். திரையில் யாரோ அனுப்பிய மாத்திரை அட்டையின் படம். தம்பியும் வாய் திறக்கவில்லை. ஓர் அஸித்ரோமைசின் அட்டை, இன்னொன்றில் கத்தரியால் வெட்டிய செஃபிக்ஸிம் இரண்டு, இரண்டுமே ஆன்டிபயாடிக், காக்கிக் கவர். பையன் சில்லறையைக்கூட எண்ணவில்லை.

அவன் போன பிறகு கேட்டேன். “என்னன்னு தெரியுமா தம்பி?”

“வேற எதுக்குண்ணே படத்தக் காட்டுவான்? எரிச்சல், சீழ்னுதான் இருக்கும்.”

மாத்திரை முழுத் தவறு என்று சொல்ல முடியாததுதான் சங்கடம். அரசு பால்வினை நோய் சிகிச்சை மையங்களில் நிறம் நிறமாக மருந்துப் பெட்டி உண்டு. ஆணுக்குச் சீழ் வந்தால் சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் அஸித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம். எந்தச் சேர்க்கை என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் மையத்தில் பெட்டியோடு சேர்த்து எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் ரத்தம் எடுப்பார்கள், துணைவரையும் அழைத்து வரச் சொல்வார்கள். கவுன்டரில் மாத்திரை மட்டும் கிடைக்கிறது. எரிச்சல் அடங்கும், சிபிலிஸ் இருந்தால் அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். செஃபிக்ஸிம் 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கிற மருந்து. டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனி நோட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். நோட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்படிச் சீழ் வரவைக்கும் பால்வினைத் தொற்றுகளில் ஒன்று கொனோரியா. இங்கிலாந்தில் அதற்கு இப்போது முதல் தெரிவு செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி. 2018-ல் தென்கிழக்கு ஆசியாவில் தொற்றிக்கொண்டு வந்த ஓர் ஆங்கிலேயரிடம் இருந்த கிருமி அந்த ஊசி, அஸித்ரோமைசின் இரண்டுக்குமே அடங்காதது என்று தெரிந்தது பெரிய செய்தியானது. காய்ச்சலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அஸித்ரோமைசினை அள்ளிக் கொடுக்கிற ஊரில் நின்றுகொண்டு அதை நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு தனியார் லேபிலும் நுழைந்தேன். எச்.ஐ.வி., சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். இரண்டும் எடுக்க வேண்டும் என்றேன். வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து, “வெளிநாடு போறீங்களா சார்?” என்றார். வளைகுடா விசாவுக்கான மெடிக்கலில் இந்தச் சோதனைகள் உண்டு. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், காரியம் சுலபமாக முடியும். யோசித்துப் பார்த்தால் ஊரில் இந்த ரத்தம் வெட்கமில்லாமல் எடுக்கப்படுவது விசாவுக்கு, ஆபரேஷனுக்கு, கர்ப்பத்துக்கு. மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். அவள் புருஷனுக்கு அப்படி ஒரு சாக்கு வாய்ப்பதில்லை.

லண்டனில் மருந்துக்கடை கொடுப்பதும் அந்தச் சாக்குதான். உள்ளே போகிறவர் இருமல் மருந்துக்குப் போகிறாரா, வேறெதற்கா என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஊர் மெடிக்கலுக்கும் அந்த வசதி உண்டு, கதவுதான் இல்லை. இதை நம் ஊரில் முதலில் புரிந்துகொண்டவர் மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் அவர் நோட்டீஸில் வைத்தியத்தைவிடப் பெரிய எழுத்தில் ‘ரகசியம் காக்கப்படும்’ என்றிருந்தது.

கடைசியாக அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் நடக்கிற நம்பிக்கை மையத்துக்குப் போனேன். நாட்டிலேயே முதன்முதலாக 1986-ல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில். அந்தப் பழைய பயம் இன்னும் அந்தப் பலகையைச் சுற்றி நிற்கிறது, தாழ்வாரத்தில் எல்லோரும் அதைப் பார்க்காமல் கடக்கிறார்கள். உள்ளே நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆலோசகர் அம்மா கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். ஏன் வந்தேன் என்று குடையவில்லை. சம்பவம் நடந்து எத்தனை நாளாயிற்று என்பதை மட்டும் கேட்டார். சீக்கிரம் வந்துவிட்டால் தொற்று இருந்தும் சோதனையில் தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்று விளக்கினார். சம்மதக் கையெழுத்து வாங்கினார். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி சம்மதம் இல்லாமல் சோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. ரத்தம் கொடுத்து அன்றைக்கே முடிவு. பைசா செலவில்லை. என் கடையின் ஆலோசனை அறையில் நான் இவ்வளவு பொறுமையாகப் பேசியிருப்பேனா என்பது சந்தேகம்.

ஆனால் மதியத்துக்கு மேல் ரத்தம் எடுப்பதில்லை. போனை நீட்டிய பையன் இருட்டிய பிறகுதான் வருவான், அந்நேரம் திறந்திருப்பது மெடிக்கல் மட்டும்.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி, சுகர் பார்க்கிற மாதிரி இதையும் பார்க்க ஒருநாள் அனுமதி வந்தால் செய்வாயா என்று கேட்டேன். சிரித்தார். “சுகர் இருக்குன்னா நாலு பேர்ட்ட சொல்லிக்குவாண்ணே. இது இருக்குன்னா அப்புறம் என் கடைப் பக்கமே வர மாட்டான். எனக்கு ஒரு கஸ்டமர் போச்சு.”

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஸ்டூல்மேல் உட்கார வைத்துச் செய்கிற சோதனையில்லை இது. ஊர் மெடிக்கலில் உடனே பரிசோதனை தொடங்குவதை நானே ஆதரிக்க மாட்டேன். தடுப்பு வைத்த ஒரு மூலையும், முடிவைப் பக்குவமாகச் சொல்லத் தெரிந்த ஆளும் முதலில் வேண்டும். அதுவரை அந்தக் காக்கிக் கவருக்குள் ஒரு துண்டுச் சீட்டு போடலாமே என்றேன். மையம் எந்தக் கட்டடம், எந்நேரம், இலவசம், 1097 என்ற உதவி எண்ணுக்குப் பேசலாம். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தம்பி பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, “ஓ.பி. சீட்டு வரிசையில நிக்கணுமா, நேரா போலாமா? அதத்தாண்ணே மொதல்ல கேப்பானுங்க” என்றார்.

என்னிடம் சீட்டு கேட்கவில்லை, நேராகத்தான் போனேன் என்றேன். அதை முதல் வரியாக எழுதி அடிக்கோடு போட்டார்.