மைல் கணக்கா, செலவுக் கணக்கா?

அமெரிக்காவில் வீட்டிலிருந்தபடி சிறுதொழில் செய்பவர்கள் காருக்கு வரிக்கழிவு கோர இரண்டு வழிகள் உண்டு.

கழிவு:
மைல் முறை – 2025-க்கு மைலுக்கு 70 சென்ட். தொழிலுக்காக 5,000 மைல் ஓட்டினால் 3,500 டாலர்.
செலவு முறை – பெட்ரோல், காப்பீடு, பழுது, தேய்மானம் ஆகியவற்றில் தொழிலுக்கு ஓடிய விகிதம். மொத்தம் 9,000 டாலர், தொழில் ஓட்டம் 40% என்றால் 3,600.

ஆவணம்:
மைல் முறை – தேதி, இடம், நோக்கம், மைல் எழுதிய குறிப்பேடு.
செலவு முறை – அதே குறிப்பேடு, கூடவே எல்லா ரசீதுகளும். ரசீது இருந்தால் குறிப்பேடு வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, மைல் தெரியாமல் விகிதம் ஏது?

தொழிலுக்கான பார்க்கிங், சுங்கக் கட்டணம்: இரண்டிலும் தனியே கழிக்கலாம்.

முறை மாற்றம்: இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. சொந்தக் காரைத் தொழிலில் இறக்கும் முதல் ஆண்டிலேயே மைல் முறையைத் தேர்ந்தால், பிறகு செலவு முறைக்கு மாறலாம். செலவு முறையில் தொடங்கினால் அந்தக் காருக்கு மைல் முறை கிடையாது. குத்தகைக் கார் என்றால், மைல் முறையில் தொடங்கியவர் குத்தகை முடியும்வரை அதிலேயே இருக்க வேண்டும்.

சிக்கனமான கார், நிறைய ஓட்டம் என்றால் மைல் முறை. விலை உயர்ந்த கார், குறைந்த மைல், பெரும்பகுதி தொழிலுக்கே என்றால் செலவு முறை. சொந்தக் கார்தான், ஆனால் எது என்று சந்தேகம் இருந்தால் முதல் ஆண்டு மைல் முறையையே எடுங்கள்.