மொய்க் கணக்குக்கு எது, கடைக் கணக்குக்கு எது? ஆக்சஸ், பேஸ், எஸ்கியூலைட்

பினாங்கு லெபோ பாசாரில் ஒரு துணிக்கடைக்காரரிடம் வாடிக்கையாளர் கணக்கைக் கேட்டால் பெரும்பாலும் எக்செல் கோப்பைத்தான் திறப்பார். பத்து லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள் கொள்ளும் அதற்கு இடப்பஞ்சம் இல்லை. சிக்கல் வேறு. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண் பூஜ்யத்தில் தொடங்கும். வெறும் எண்ணாகத் தட்டினால் எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். ஒரே ஆளின் பெயரை மூன்று விதமாக எழுதினால் மூன்று கடன் கணக்குகள் முளைக்கும். அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்கும் தொடர்புத் தரவுத்தளத்தில் ஆளை ஒரு முறை மட்டும் பதிவு செய்கிறோம். விற்பனை வரிசையில் அவருடைய குறி எண் மட்டும் நிற்கும். ஆக்சஸ், பேஸ், எஸ்கியூலைட் மூன்றும் இந்த வகைதான்.

கடைக்கு என் தேர்வு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். 1992-இல் வந்த பழைய ஆள்தான். ஆனால் படிவமும் அச்சு அறிக்கையும் அமைப்பதில் மற்ற இரண்டும் அதன் அருகில் வர முடியாது. அட்டவணைகளை ஒரு கோப்பிலும் படிவங்களை இன்னொன்றிலும் பிரித்து, முதல் கோப்பைக் கடைக்குள் ஒரே கணினியில் வையுங்கள். மற்ற கல்லாக்களுக்கு, ஆயத்தப் படிவங்களை இயக்க மட்டும் உதவும் இலவச ஆக்சஸ் ரன்டைம் போதும். ஒரே நேரத்தில் 255 பேர் என்பது ஏட்டுக் கணக்கு. ஐந்தாறு பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை வேண்டாம், கம்பி இழுங்கள்: எழுதும்போது இணைப்பு அறுந்தால் கோப்பு கெடக்கூடும். ஒன்டிரைவ் கோப்புறையில் வைத்துப் பலர் திறப்பதும் அதே வம்புதான். ஆக்சஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும்; கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி.

லிப்ரே ஆஃபிஸ் பேஸ் இலவசம். மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். ஆனால் அதன் வழக்கமான உள்ளமைந்த தரவுத்தளத்துக்கு ஜாவா வேண்டும்; தரவு முழுவதும் ஆவணக் கோப்புக்குள்ளேயே கிடப்பதால், நடுவில் மின்சாரம் போனால் அன்றைய உழைப்பும் போகலாம். பின்னணியில் மரியாடிபி என்ற தனித் தரவுத்தளச் சேவையகத்தை அமைத்தால் பேஸ் நன்றாகவே உழைக்கும். வீட்டில் யார் அதை நிறுவிப் பராமரிப்பது?

வீட்டுக்கு எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்டது. யாருக்கும் உரிமத் தொகை கிடையாது. உங்கள் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. 'டிபி பிரவுசர்' என்ற இலவசச் செயலியில் குடும்பம், நிகழ்வு, மொய் என மூன்று அட்டவணைகள் போட்டால் போதும். சுங்கை பட்டாணி சித்தப்பா வீட்டு விசேஷங்களுக்கு இதுவரை எவ்வளவு ரிங்கிட் செய்தோம், அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்பது ஒரே வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) வந்துவிடும். பாட்டியின் மொய் நோட்டு இந்தக் கேள்விக்கு ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடும். அழகான படிவத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். வீட்டில் அது குறையே இல்லை.

தமிழில் பெயர் எழுதுவோருக்கு எஸ்கியூலைட்டில் ஓர் எரிச்சல் உண்டு. அது யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். அதில் 'ன' என்பது 'ப'வுக்கும் 'ம'வுக்கும் முந்தியது. ஆகவே கபிலனுக்கும் கமலாவுக்கும் முன்னால் கனகா வந்து நிற்பார். அகர வரிசை முக்கியமென்றால் அடுக்குவதற்கென்றே அட்டவணையில் தனியாக ஒரு புலம் (நெடுவரிசை) சேர்க்க வேண்டும்.

எதை எடுத்தாலும் மைகார்டு எண்ணுக்கும் தொலைபேசி எண்ணுக்கும் உரைப் புலமே கொடுங்கள். ஆயத்த வார்ப்புருக்கள் கேட்கும் குடும்பப் பெயர்ப் புலத்தை நீக்கிவிட்டுத் தந்தை பெயருக்கு ஒன்று போடுங்கள். இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி அங்கே போகட்டும். கடை வளர்ந்து ஆக்சஸ் திணறினால், அட்டவணைகளை மட்டும் மைக்ரோசாஃப்டின் இலவசத் தரவுத்தளச் சேவையகமான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸுக்கு நகர்த்தலாம். பெரும்பாலான படிவங்களைச் சிறு திருத்தங்களோடு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.