வில்பர்ஃபோர்ஸா, ஃபிஸ்கா: சாவி யார் கையில்?

அமெரிக்கக் கறுப்பின மாணவர்களுக்காகக் கிறிஸ்தவச் சபைகள் நடத்திய கல்லூரிகளில் எனக்கு ஒப்பிடப் பிடித்த ஜோடி, ஓஹையோவின் வில்பர்ஃபோர்ஸும் டென்னஸியின் ஃபிஸ்க்கும்.

வில்பர்ஃபோர்ஸ் 1856இல் ஒரு கோடை விடுதிக் கட்டடத்தில் ஆரம்பித்தது. முன்னின்றவர்கள் பெரும்பாலும் வெள்ளை மெதடிஸ்ட் சபையார். தெற்கத்தியப் பண்ணை முதலாளிகளுக்கு அடிமைப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் நிறையப் பேர் படித்தார்கள். செலவு அந்த அப்பன்மாருடையது. உள்நாட்டுப் போர் வந்தது, பணம் நின்றது, 1862இல் கதவு மூடியது. மறு வருஷமே பிஷப் டேனியல் பெய்ன், கறுப்பினத்தவரின் சொந்தச் சபையான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபைக்காக, கையில் காசில்லாமலேயே கல்லூரியை 10,000 டாலருக்குப் பேசி முடித்தார். தலைவரும் அவரே. 1865 ஏப்ரல் 14, லிங்கன் சுடப்பட்ட அன்றே, பிரதானக் கட்டடம் எரிந்தது. மறுபடி கட்டினார்கள்.

ஃபிஸ்க், 1866இல் நாஷ்வில்லில் பழைய ராணுவ ஆஸ்பத்திரிக் கொட்டகைகளில் திறந்தது. நடத்தியது வெள்ளையர்கள் கையிலிருந்த அமெரிக்க மிஷனரி சங்கம். அடிமைகளைப் பூட்டிய துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டு எழுத்துப் புத்தகம் வாங்கியதாக அங்கே ஒரு கதை உண்டு. கடன் கழுத்தை நெரித்தபோது, 1871இல் ஒன்பது மாணவர்கள் அடிமைக் காலத்துப் பக்திப் பாடல்களைப் பாடி நிதி திரட்டக் கிளம்பினார்கள். விக்டோரியா மகாராணியே கேட்டார். அந்தக் காசில் எழுந்ததுதான் ஜூபிலி ஹால். ஆனால் தலைவர் நாற்காலி? சார்ல்ஸ் ஜான்சன் என்ற முதல் கறுப்பினத் தலைவர் தேர்வானது 1946இல். பெய்னுக்கு 83 வருஷம் பின்னால்!

சரி, படிப்பு? அதில் ஃபிஸ்க்தான் ஒரு படி மேல். 1930இலேயே தெற்கு மாநிலங்களின் கல்லூரிச் சங்க அங்கீகாரம் வாங்கிவிட்டது. வில்பர்ஃபோர்ஸுக்குக் காசு எப்போதும் இழுபறி. 1887 முதல் ஓஹையோ அரசு பணம் கொடுத்து நடத்திய பிரிவும் 1947இல் தனியே பிரிந்து, இன்று சென்ட்ரல் ஸ்டேட் பல்கலைக்கழகமாகப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனாலும் என் ஓட்டு வில்பர்ஃபோர்ஸுக்கே, கொஞ்சம் தயக்கத்தோடு. அங்கே சாவி கறுப்பினத்தவர் கையிலேயே இருந்தது. தயக்கம் ஏன்? சொந்தச் சபையும் கெடுபிடி செய்யும். ஃபிஸ்க்கில் படித்த கறுப்பின அறிஞர் டூ போய்ஸ் 1894இல் வில்பர்ஃபோர்ஸுக்கு வாத்தியாராக வந்தார். ஒரு கூட்டத்தில் அவர் ஜெபம் நடத்துவார் என்று யாரோ அறிவிக்க, மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டார். வேலையே போயிருக்கும். இரண்டே வருஷத்தில் மூட்டை கட்டினார், வில்பர்ஃபோர்ஸிலேயே படித்த நீனா கோமரைக் கல்யாணம் செய்துகொண்டு.