கட்டம் போட்டுத் தளம் வரைதல்: 6 வருட அனுபவம்

சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. வண்ணம், படம் எதுவும் இல்லாமல் வெறும் கட்டங்களாக வரைந்து காட்டும் வயர்ஃபிரேமோடு 6 வருடமாகக் காலம் தள்ளுகிறேன். முதலில் பால்சமிக், அப்புறம் ஃபிக்மா, இரண்டும் கணினியில் வரையும் மென்பொருள்கள். இரண்டுக்கும் முன்னால் ஏ4 தாளும் பென்சிலும்.

2008-இல் வந்த பால்சமிக்கின் அழகே அதன் கோணல்தான். கையால் கிறுக்கியது போல இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அரைகுறையாகத் தெரிவதால் பார்ப்பவர் கூச்சப்படாமல் "இது வேண்டாம்" என்பார். பளபளவென்று காட்டினால், "நல்லா இருக்கு தம்பி, அந்த நீலத்தை மட்டும் மாத்துங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்காரரிடம் முதல் வரைவை அச்செடுத்து நீட்டினேன். "என்ன தம்பி, இன்னும் பெயிண்டே அடிக்கலையா?" என்றார். மனையில் சுண்ணாம்புக் கோடு போடுவது மாதிரிதான் அண்ணாச்சி, சுவர் எழும்பினால் மாற்ற முடியாது என்றேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேலே நான் பெரிதாக வைத்திருந்த 'எங்களைப் பற்றி' கட்டத்தை ஒரே கோடாக அடித்தார். "போன் பண்றவங்க முதல்ல கேக்கறது விலை. அடுத்தது, பார்சல் எங்க ஊருக்கு வருமான்னு. எங்க தாத்தா கதையை யார் கேட்டா?"

இரண்டாவது வரைவில் விலைப்பட்டியல் மேலே போனது. மூன்றாவதில், போன் திரைக்கான 360 பிக்சல் அகலத்தில் 1 லிட்டர், 5 லிட்டர் விலைகள் பக்கத்துப் பக்கத்தில் அடங்கவில்லை, ஒன்றன்கீழ் ஒன்றாக்கினேன். அரை மணி நேர வேலை. நிரல் எழுதிய பிறகு தெரிந்திருந்தால் ஒரு நாள் போயிருக்கும்.

நான் பட்டுக் கற்றது இன்னொன்று: கட்டங்களுக்குள் இடம் நிரப்ப அர்த்தமில்லாத லத்தீன் டம்மி எழுத்தைப் போடக்கூடாது. ஆரம்பத்தில் போட்டேன், எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தது. தமிழ் வந்ததும் 'சமர்ப்பிக்கவும்' பட்டனுக்குள் இரண்டு வரியாக உடைந்தது. கொம்பும் சுழியும் மேல்கீழ் வரிகளில் இடித்தன. பட்டனில் 'அனுப்பு' போதும் என்று அப்போதுதான் உறைத்தது. இப்போது முதல் வரைவிலேயே நிஜத் தமிழ்தான். பால்சமிக்கின் சொந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது என்பதால் தமிழ் வேறு எழுத்துருவில் வரும், அந்தக் கிறுக்கல் அழகு கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

ஃபிக்மாவில் ஆட்டோ லேஅவுட் வைத்தால் சொல்லுக்கேற்ப பட்டன் தானே நீளும். பிரவுசரில் ஓடுவதால் வாடிக்கையாளர் அந்தந்த இடத்திலேயே கருத்து எழுதலாம். ஆனால் அதைத் திறந்தால் என் கை சும்மா இருக்காது. நிழல், வளைந்த மூலை என்று ஒரு மாலைப்பொழுதே போய்விடும். அதனால் முதல் இரண்டு வரைவுகளை அங்கே கொண்டுபோவதே இல்லை.

அப்புறம், எண் போடுவது. ஒருமுறை நான் ஐந்தாவது வரைவில் இருக்க, வாட்ஸ்அப்பில் பழைய மூன்றாவதைப் பார்த்து ஒருவர் "ஓகே" சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் வரைவு எண்ணும் தேதியும் பெரிதாக இருக்கும். கூலியும் 5 வரைவு வரைக்கும்தான், ஆறாவதற்குத் தனிக்காசு. இதை முதல் நாளே சொல்ல ஆரம்பித்த பிறகு இதுவரை யாருக்கும் ஆறாவது தேவைப்படவில்லை.