மணிக்கட்டு ஸ்பிளின்ட்டும் பாழாய்ப்போன வெல்க்ரோவும்

ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமலிருக்க நான் மாட்டிக்கொள்ளும் உறைதான் இந்த ஸ்பிளின்ட். அதில் பிய்ந்த வெல்க்ரோவைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து மாற்றி வாங்கியாயிற்று. அதற்குள் சிநேகிதி ஒருத்தி, அவளுக்கும் என்னைப்போல் மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம்தான், "ராத்திரியில விரல் மரத்துப்போகுது, நீ போடுறதையே வாங்கலாமாடி?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதுதான் இது.

கட்டைவிரல் தொடங்கி மோதிரவிரலில் பாதிவரை எறும்பு ஊரும்; சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. நடுராத்திரியில் எழுந்து கையை உதறுவேன். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழியில் ஒன்பது தசைநாண்களோடு இந்த விரல்களுக்கான நரம்பும் போகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு நாண்களின் உறையும் வீங்கிவிடும். தூக்கத்தில் கை மடங்கினால் நரம்புக்கு இடமேது? ஸ்பிளின்ட் மடங்கவிடாது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது உள்ளங்கைப் பக்கம் செருகியிருக்கும் அலுமினியத் தகடு. வாங்கும்போது கையை மேலே தூக்கினாற்போல் வளைந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் அதை உருவி, நிமிர்த்தி, திரும்பச் செருகினார். மணிக்கட்டு நேராக இருந்தால்தான் உள்ளே அழுத்தம் குறைவாம். அன்றைக்குத்தான் விடியும்வரை தூங்கினேன். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இனி வெல்க்ரோ. முடக்குவாதம் பெரும்பாலும் இரண்டு கையையும் சேர்த்தே பிடிக்கும். விடிகாலையில் விரலை மடக்கவே முடியாதபோது, வீங்கிய இடக்கையால் வலக்கைப் பட்டைகள் மூன்றையும் பிய்த்தெடுக்க வேண்டும். நுனியில் பிடிப்பதற்கு ஒன்றும் கிடையாது. பல்லால் கடித்து இழுத்திருக்கிறேன். வலிக்கிற கைக்கென்று செய்த சாமானைக் கழற்ற வலிக்காத கை வேண்டுமாம்! நைட்டியில் ஒட்டும், போர்வையில் நூலை உருவும், 'சர்ரக்' சத்தத்தில் இவர் எழுந்து உட்காருவார். பஞ்சும் முடியும் அடைந்தால் பிடிப்பும் போச்சு. இந்தமுறை ஒவ்வொரு நுனியிலும் நாடாவில் வளையம் வைத்துத் தைக்கச் சொன்னேன். விரலை நுழைத்து இழுத்தால் வந்துவிடுகிறது. கம்பெனிக்காரனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

ஒன்று, ஸ்பிளின்ட் வீக்கத்தைக் குறைக்காது. அதற்கு ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாத டாக்டர், தரும் மருந்துதான். எனக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் சதை வற்றினாலோ, டம்ளர் கையிலிருந்து நழுவினாலோ, இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். அப்படியே விட்டால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இடக்கைக்கும் இதே கம்பெனியில்தான் வாங்கப் போகிறேன். கடையில் பார்த்த மற்றவற்றில் தகட்டை உருவ முடியவில்லை.